மணிக்கு 205 டொலர்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகையில் இருந்தவன் நான். இந்தக் காலத்தில் விமானங்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறேன். அவை எதையாவது போட்டுவிட்டுப் போன செய்திகள், அல்லது எங்காவது விழுந்த செய்திகள். விமானம் ஓட்டப் பழகுவதற்கு எவ்வளவு செலவாகும் என்ற கேள்வி மட்டும் ஒருநாளும் என் மனதில் எழுந்ததில்லை. அது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்பதே என் எண்ணமாக இருந்தது. 2024ஆம் ஆண்டு ஆடி மாதம் கனடாவில் தங்கையின் வீட்டில் ஐந்து வாரங்கள் தங்கியிருந்தபோது அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

புறப்படுவதற்கு முன்பே தங்கை தொலைபேசியில் சொல்லிவிட்டாள். "அண்ணா, நீங்கள் வந்து அவனோடை ஒருக்காக் கதைக்க வேணும். மூண்டு வருஷமாகக் காசை ஆகாயத்திலை எறியிறான். எங்கடை சொல்லைக் கேக்கிறான் இல்லை. மாமா சொன்னால் கேப்பான்."

அவன் என்று அவள் சொன்னது தன் மூத்த மகனை. அப்போது அவனுக்கு 21 வயது. கல்லூரியில் படித்துக்கொண்டு, மாலை வேளைகளில் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்து, அந்தச் சம்பளத்தில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். தங்கை முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்கிறாள். மைத்துனர் பார ஊர்தி ஓட்டுபவர். வீட்டுக் கடன், இளைய மகளின் படிப்பு, ஊரில் இருக்கும் உறவுகளுக்கு அனுப்பும் பணம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்து வாழும் குடும்பம் அது. அந்தக் கணக்கில் விமானத்துக்கு இடமில்லை என்பது தங்கையின் வாதம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

*

மார்க்கம் நகரில் அவர்களுடைய வீடு. அங்கிருந்து பதினைந்து நிமிடத் தூரத்தில்தான் பட்டன்வில் விமான நிலையம் இருந்தது. பெரிய பயணிகள் விமானங்கள் வந்துபோகும் இடமல்ல அது. சிறு விமானங்களும் பயிற்சிப் பள்ளிகளும் நிறைந்த இடம். மருமகன் சிறுவனாக இருந்த காலத்தில் அந்த வேலியோரம் காரை நிறுத்தி அவனுக்கு விமானம் காட்டிச் சோறூட்டியிருக்கிறார்கள். விதை அங்கேதான் விழுந்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதியோடு அந்த விமான நிலையம் மூடப்பட்டுவிட்டது. மருமகன் கிழக்கே ஒஷாவா விமான நிலையத்துக்குப் போய்ப் பழக வேண்டியதாயிற்று. பட்டன்வில்லில் பதினைந்து நிமிடமாக இருந்த பயணம் முக்கால் மணி நேரமானது. புதிய பள்ளி, புதிய பயிற்றுநர், புதிய விமானம். அவன் ஏற்கெனவே கற்றவற்றைப் புதியவர்கள் தங்கள் கண்ணால் பார்த்த பின்னரே தனியே பறக்க விடுவார்கள். அப்படிப் பார்ப்பதற்கும் மீற்றர் ஓடும்.

"மாமா, நீங்களும் ஒருநாள் வாங்கோ. பின்சீற்றிலை இருக்கலாம். பயிற்றுநரிட்டைக் கேட்டுப்போட்டன்" என்றான் மருமகன். அறிவுரை சொல்ல வந்தவன் முதலில் களத்தைப் பார்ப்பதுதான் முறை என்று நானும் சம்மதித்தேன். ஒரு சனிக்கிழமை காலை போனோம்.

கொட்டகைக்கு வெளியே கயிற்றால் கட்டப்பட்டு நின்றது செஸ்னா 172. நான்கு பேர் இருக்கக்கூடிய, இறக்கை மேலே அமைந்த, ஒற்றை எஞ்சின் விமானம். கதவைத் திறந்தபோது பழைய மொறிஸ் மைனர் காருக்குள் ஏறுவது போன்ற உணர்வு. இருக்கைத் துணி நைந்து போயிருந்தது. எந்த ஆண்டு செய்தது என்று கேட்டேன். 1975 என்றார் பயிற்றுநர். என் தங்கை பிறந்த ஆண்டு.

இவ்வளவு பழைய விமானத்துக்கா மணிக்கு 205 டொலர் வாடகை? என் முதல் கேள்வி அதுதான். பயிற்றுநரின் நேரத்துக்கு வேறாக மணிக்கு 85 டொலர். இலங்கையில் 50 வயதுக் காரை மணிக்கு வாடகைக்குக் கொடுத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

பின்னர் விசாரித்து அறிந்ததைச் சொல்கிறேன். செஸ்னா 172 உலகிலேயே மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானம். 1956 முதல் இன்றுவரை 44,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள். ஆனால் நடுவே ஒரு பெரிய இடைவெளி உண்டு. அமெரிக்காவில் எந்தச் சிறு விமானம் விழுந்தாலும், அது முப்பது ஆண்டு பழையதாக இருந்தாலும், செய்த நிறுவனத்தின்மீது நட்டஈட்டு வழக்குத் தொடரலாம் என்ற நிலை இருந்தது. வழக்குச் செலவும் காப்புறுதியும் ஏற ஏற விலையும் ஏறியது, வாங்குவோர் குறைந்தனர். 1986இல் செஸ்னா நிறுவனம் இந்த விமானத்தைச் செய்வதையே நிறுத்திக்கொண்டது. 1994இல் அமெரிக்க அரசு சட்டமொன்றைக் கொண்டுவந்தது. விமானம் விற்று 18 ஆண்டுகள் கடந்தபின் செய்தவர்மீது பொதுவாக வழக்குப் போட முடியாது என்பது அதன் சாரம். அதன் பிறகே 1996இல் உற்பத்தி மறுபடியும் தொடங்கிற்று. இன்று புதியது ஒன்று வாங்க 4 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேல் வேண்டும். ஆகவே பள்ளிகள் பல பழையவற்றையே திருத்தித் திருத்திப் பறக்கின்றன.

திருத்துவது என்றால் நாம் காருக்குச் செய்வதுபோல, சத்தம் வந்தபின் செய்வதல்ல. பயிற்சி விமானத்தை 50 மணிக்கு ஒருமுறை ஒயில் மாற்றிப் பார்ப்பதும், 100 மணிக்கு ஒருமுறை மூடிகளைக் கழற்றி முழுமையாகச் சோதிப்பதும் வழக்கம். எஞ்சினைச் செய்தவர்கள் 2,000 மணி ஓடியதும் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும்படி சொல்கிறார்கள். அதற்கு 50,000 டொலர் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகையின் ஒவ்வொரு மணியிலும் 25 டொலர் அந்த ஒரு நாளுக்காக எடுத்து வைக்கப்பட வேண்டும். எரிபொருள் மணிக்கு ஏறத்தாழ 30 லீற்றர். காருக்கு அடிக்கும் பெற்றோல் அல்ல. கனடாவில் வீதியில் ஓடும் வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெற்றோல் 1990இலேயே தடைசெய்யப்பட்டது. ஆனால் இந்தச் சிறு விமானங்கள் பெரும்பாலும் இன்னும் ஈயம் கலந்த பெற்றோலிலேயே ஓடுகின்றன. குறைந்த அளவில் செய்யப்படுவதால் அதன் விலையும் கூட. இவற்றோடு காப்புறுதி, நிறுத்துமிட வாடகை, தொழில்நுட்பவியலாளரின் சம்பளம். மழையிலும் பனியிலும் விமானம் சும்மா நிற்கும் நாட்களிலும் இந்தச் செலவுகள் சும்மா நிற்பதில்லை.

வாடகையிலும் இரு வகை உண்டாம். எரிபொருளும் ஒயிலும் உட்பட என்றால் 'வெற்' வாடகை. அவற்றை நாமே போட்டுக்கொள்ள வேண்டும் என்றால் 'ட்ரை' வாடகை. மலிவாக இருக்கிறதே என்று இரண்டாவதைப் பார்த்து ஏமாறுபவர்களும் இருக்கிறார்கள். மருமகனுடைய 205 டொலர் முதல் வகை.

*

விமானத்தின் முன்பலகையில் ஏராளமான மானிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றைத்தான் மருமகன் முதலில் குனிந்து பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டான். உயரமானியா, வேகமானியா என்று கேட்டேன்.

"இல்லை மாமா, இது காசு மானி" என்று சிரித்தான்.

ஹொப்ஸ் மீற்றர் என்பது அதன் பெயர். எஞ்சின் ஓடும் நேரத்தை மணியின் பத்தில் ஒரு பங்காகக் காட்டும். ஓர் இலக்கம் மாறினால் ஆறு நிமிடம் போயிற்று என்று பொருள். இருபது டொலர் ஐம்பது சதமும் போயிற்று என்று பொருள். விமானம் ஆகாயத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் காத்து நின்றாலும் அது ஓடும். அன்று எங்களுக்கு முன்னால் மூன்று விமானங்கள் நின்றன. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி கிடைப்பதற்கு முன்பே இரண்டு இலக்கங்கள் மாறிவிட்டன. மருமகனின் கண் ஓடுபாதையிலும் அந்த மானியிலும் மாறி மாறி நிற்பதைப் பின்னிருக்கையிலிருந்து கண்டேன். படிக்கும் பிள்ளையின் கண் அப்படி இரண்டாகப் பிரியக்கூடாது என்று தோன்றிற்று.

பிறகு மேலே எழுந்தோம். தெற்கே ஒன்ராறியோ ஏரி கடல்போல் விரிந்தது. வடக்கே ஸ்கூகொக் ஏரிப் பக்கம் போய்ப் பயிற்சி செய்தார்கள். வயல்கள் சதுரம் சதுரமாகக் கிடந்தன. நான் அதுவரை அறிந்திராத ஒரு மருமகனை அன்று பார்த்தேன். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பையன், கோபுரத்தோடு ஆங்கிலத்தில் தெளிவாக, பதற்றமின்றிப் பேசினான். கைகள் தாமாக இயங்கின.

நடுவே பயிற்றுநர், எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கேட்டு, விசைக்கோலைப் பின்னால் இழுத்துவிட்டார். எஞ்சினின் ஓசை திடீரெனத் தணிந்தது. மூக்குத் தாழ்ந்தது. அவசரமாக இறங்குவதற்கு ஏற்ற வயலை மருமகன் தேடினான். அது பயிற்சி என்பது எனக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள். ஆயினும் நான் என் தலையை முழங்கால்களுக்கு இடையே புதைத்துக்கொண்டு, இரு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு இருந்ததைச் சிறிது நேரம் கழித்தே உணர்ந்தேன்.

ஈழத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கை விமானப்படை 1985இல் இத்தாலியிலிருந்து சியாய் மார்ச்செட்டி என்ற சிறு விமானங்களை வாங்கியது. அடிப்படையில் அவை விமானம் ஓட்டப் பழக்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை. இறக்கையின் கீழ் குண்டுகளைக் கட்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் சனம் அதற்குச் 'சியாமாசெட்டி' என்று பெயர் வைத்தது. அது வட்டமிடும்போது ஒரு சத்தம், குத்தி இறங்கும்போது வேறொரு சத்தம். சத்தம் மாறினால் குனிய வேண்டும். 1987இன் தொடக்கத்தில் எங்கள் வீட்டு மாமரத்தடிப் பதுங்குகுழிக்குள் எனக்கு 19 வயது, தங்கைக்கு 12 வயது. செஸ்னாவின் சத்தமும் அதன் சத்தமும் ஒன்றல்ல. ஆனால் உடம்புக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரிவதில்லை.

தரையிறங்கியதும் மருமகன் கேட்டான். "மாமா, பயந்திட்டீங்களோ?"

"முதுகு பிடிச்சுக்கொண்டுது" என்றேன்.

மானியைப் பார்த்தான். 1.4 மணி. விமானத்துக்கு 287 டொலர். பறப்புக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசிய அரை மணியையும் சேர்த்து, பயிற்றுநருக்கு 161 டொலர் 50 சதம். மொத்தம் 448 டொலர் 50 சதம். அன்றைய மதிப்பில் கனேடிய டொலர் ஏறத்தாழ 220 இலங்கை ரூபாய். எண்பத்து நான்கு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய். கொழும்பில் என்னோடு பணிபுரியும் இளம் நிருபர் ஒருவரின் மாதச் சம்பளத்தைவிட அது அதிகம்.

அந்தப் பயிற்றுநரும் பெரிய சம்பளக்காரர் அல்ல. இருபத்தைந்து வயது இருக்கலாம். பறந்தால் மட்டுமே அவருக்குப் பணம். மழை பெய்தால் இல்லை. வாரத்தில் மூன்று இரவு பண்டகசாலையொன்றில் வேலை செய்வதாகச் சொன்னார். பெரிய விமானத்தில் தலைமை விமானியாவதற்கான உயர்நிலை உரிமத்துக்குக் கனடாவில் 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும். அவ்வளவு மணிகளையும் சொந்தப் பணத்தில் வாடகை கொடுத்துப் பறக்க யாரால் முடியும்? எனவே வணிக உரிமமும் பயிற்றுநர் தகுதியும் பெற்றதும், மாணவர் கொடுக்கும் வாடகையில் தம் மணிகளைச் சேர்க்கிறார்கள். மருமகனுடைய 205 டொலரில் அவருடைய எதிர்காலமும் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் மாணவரை இழுத்தடிப்பவர் அல்லர். அவர் அன்று சொன்ன ஒன்றுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

"இவன் நல்லாக ஓட்டுகிறான். ஆனால் இப்படி விட்டு விட்டுப் பறந்தால் முடிக்கவே மாட்டான்."

*

அன்றிரவு மருமகனின் பறப்புக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பறப்பையும் திகதியிட்டு, நேரமிட்டு, என்ன செய்தோம் என்று எழுதிவைக்கும் புத்தகம் அது. பத்திரிகைக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்ட இடத்தை அவன் கண் முதலில் தேடும். 2021 கோடையில் தொடங்கி மூன்று ஆண்டுகளில் 52.6 மணி நேரம் பறந்திருந்தான். தனியார் விமானி உரிமத்துக்குக் கனடாச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச நேரம் 45 மணி. அதில் 17 மணி பயிற்றுநரோடு, 12 மணி தனியாக. அறுபது, எழுபது மணி எடுப்பவர்கள்தாம் பெரும்பாலானவர்கள். அந்த வகையில் மருமகன் ஒன்றும் பின்தங்கியவனல்லன்.

ஆனால் திகதிகளைப் பாருங்கள். தொடக்கத்தில் வாரம் ஒருமுறை. பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. பனிக்காலத்தில் இரண்டு மாத இடைவெளி. கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதத்தில் ஒன்றுமில்லை. பட்டன்வில் மூடப்பட்டபோது ஐந்து மாதம் வெறுமை. ஒவ்வோர் இடைவெளிக்குப் பின்னரும் வரும் முதலாவது பதிவு ஒரே மாதிரி: முன்பு பழகியதை மீண்டும் பழகுதல். இப்படி மீண்டும் பழகியவற்றை மட்டும் ஒரு தாளில் கூட்டினேன். ஏறத்தாழ 17 மணி நேரம் வந்தது. மணிக்கு 290 டொலர் வீதம் பார்த்தால் 5,000 டொலருக்குச் சற்றுக் குறைவு.

அதாவது, பணமில்லாததால் இடைவெளி விட்டான். இடைவெளி விட்டதால் 5,000 டொலர் கூடுதலாகச் செலவழித்தான். கையில் மொத்தமாகப் பணம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை மூன்று மாதத்தில் தொடர்ந்து பறந்து குறைந்த செலவில் முடித்துவிடும். சிறுகச் சிறுகச் சேர்த்துப் பறக்கும் பிள்ளை அதே உரிமத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கிறது. ஊரில் மூட்டையாக அரிசி வாங்க வழியில்லாதவன் கொத்துக் கணக்கில் வாங்கிக் கூடுதல் விலை கொடுப்பதைப் பற்றி எத்தனை ஆசிரியத் தலையங்கங்கள் எழுதியிருப்பேன்! அதே கணக்கு ஒஷாவாவின் ஆகாயத்திலும் செல்லும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. மருமகன் எழுத்துப் பரீட்சையில் 2022 ஒக்டோபரில் தேறியிருந்தான். அந்தப் பெறுபேறு 24 மாதங்களுக்கே செல்லுபடியாகும். 2024 ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் பறப்புப் பரீட்சையும் முடித்து உரிமத்துக்கு விண்ணப்பிக்காவிட்டால் எழுத்துப் பரீட்சையை மீண்டும் எழுத வேண்டும். இந்த விடயத்தை அவன் தாயிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் 'இதுதான் சாட்டு, விட்டுவிடு' என்பாள் என்ற பயம்.

மறுநாள் பயிற்றுநரிடம் தொலைபேசியில் கேட்டேன். இனி எவ்வளவு? நான்கைந்து வாரத்துக்குள் தொடர்ந்து பறந்தால் 12 மணி போதும் என்றார். அதில் ஏழு மணி தாம் கூட இருக்க வேண்டியிருக்கும். பழைய வேகத்தில் போனால் 20 மணி ஆகும், ஒக்டோபருக்குள் முடியாது. கணக்குப் போட்டேன். முதலாவது வழியில் 3,055 டொலர். இரண்டாவது வழியில், பயிற்றுநர் 14 மணி கூட இருந்தால், 5,290 டொலர். பரீட்சைக் கட்டணங்கள் வேறு.

*

தங்கையோடு பேசும் நேரம் வந்தது. அவள் இரவு வேலை முடித்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன் வைத்தேன். மகனுக்கு அறிவுரை சொல்ல வந்த அண்ணன் கட்சி மாறிவிட்டான் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

அவள் ஒரு சீட்டில் இருந்தாள். இருபது பேர், மாதம் 500 டொலர், மொத்தம் 10,000. கடைசி வரை பொறுத்திருந்து கழிவில்லாமல் முழுத்தொகையாக எடுப்பது அவளுடைய எண்ணம். இப்போது எடுத்தால் 700 டொலர் அளவில் கழிவு போகும். 700 டொலர் போவதா, 2,235 டொலர் போவதா என்று கேட்டேன். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. தாளை ஒருமுறை பார்த்ததுமே விளங்கியிருக்கும். ஆனாலும் பேசாமல் இருந்தாள்.

"காசு மட்டுமெண்டால் எப்பவோ குடுத்திருப்பன் அண்ணா" என்றாள் சிறிது நேரம் கழித்து.

2022 ஆனி மாதம் மருமகன் முதன்முதலாகத் தனியே பறந்த நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். மற்றப் பெற்றோர் எல்லாரும் வேலியோரம் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் காரைவிட்டு இறங்கவில்லை. ஒரு வட்டமடித்துவிட்டு அவன் இறங்க வந்தான். இறங்கும்போது எஞ்சினைத் தணிக்க வேண்டும்.

"சத்தம் மாறிச்சுது. நான் காருக்குள்ளை குனிஞ்சிட்டன். நிமிந்து பாக்கேக்கை அவன் இறங்கி நிக்கிறான். பிள்ளையின்ரை முதல் பறப்பை நான் பாக்கேல்லை. பாத்தனான் எண்டு பொய் சொல்லிப்போட்டன்."

நான் பின்னிருக்கையில் குனிந்த கதையை அவளுக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தாறு ஆண்டுகளாகக் கனடாவில் இருக்கிறாள். தன் வீட்டுக்கு மேலே போகும் சிறு விமானங்களைப் பற்றி ஒருவரிடமும் ஒன்றும் சொன்னதில்லை. 'காசு' என்று சொல்வது அவளுக்கு இலகுவாக இருந்திருக்கிறது. காசைப் பற்றிச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

"அவனுக்கு இதெல்லாம் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஏன் தெரியோணும்? அவனுக்கு அது வெறும் சத்தம். அப்பிடியே இருக்கட்டும்."

அடுத்த மாதம் அவள் கழித்துச் சீட்டை எடுத்தாள்.

*

முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஆவணி நடுவிலிருந்து மருமகன் வாரத்துக்கு மூன்று தடவை பறந்தான். 150 கடல்மைல் தூரம் தனியே போய், வழியில் இரண்டு இடங்களில் இறங்கித் திரும்ப வேண்டிய நீண்ட பறப்பையும் முடித்தான். வானிலை இரண்டு தடவை குழப்பியது. பயிற்றுநர் சொன்ன 12 மணி, 13.1 மணியாயிற்று. 2024 ஒக்டோபர் முதல் வாரத்தில் பறப்புப் பரீட்சையில் தேறினான். நான் அப்போது கொழும்பு திரும்பிவிட்டேன். தொலைபேசியில் செய்தி சொன்னது தங்கைதான்.

உரிமம் கிடைத்துவிட்டால் செலவு முடிந்ததென்று எண்ணக்கூடாது. பயணிகளை ஏற்றிச் செல்வதானால் முந்திய ஆறு மாதங்களுக்குள் ஐந்து தடவையாவது மேலெழுந்து தரையிறங்கியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதற்கும் வாடகைதான். வணிக விமானியாக வேண்டுமானால் மொத்தம் 200 மணி பறந்திருக்க வேண்டும். மருமகன் இப்போது அவசரப்படவில்லை. முதலில் படிப்பை முடித்து வேலைக்குப் போய், பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஒரே மூச்சில் பறக்கப் போவதாகச் சொல்கிறான். மூன்று ஆண்டுகளும் 5,000 டொலரும் கொடுத்து அவன் கற்ற பாடம் அது.

புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளைகள் விமானம் ஓட்டப் பழக விரும்புவதாகச் சொல்லும் பெற்றோருக்கு ஒரு பத்திரிகைக்காரனாக நான் அறிந்ததைச் சொல்லி வைக்கிறேன். பிள்ளை கேட்டவுடன் பள்ளியில் சேர்த்துவிடாதீர்கள், மறுத்துவிடவும் வேண்டாம். முதலில் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். அதில் தேறாவிட்டால் மற்றச் செலவெல்லாம் வீண். மொத்தச் செலவில் பெரும்பகுதியேனும் கையில் சேர்ந்த பின்னரே தொடங்குங்கள். அந்தப் பணம் முழுவதையும் பள்ளிக்கு முற்பணமாகக் கட்டாதீர்கள். பறக்கப் பறக்கக் கொடுங்கள். குறைந்தபட்ச மணிக் கணக்கை வைத்துச் சொல்லப்படும் தொகையை நம்பாதீர்கள். அதைவிட ஒன்றரை மடங்கு வைத்துப் பாருங்கள். வாடகையில் எரிபொருள் அடங்குமா, காத்திருக்கும் நேரத்துக்கும் மீற்றர் ஓடுமா, பறக்காமல் உட்கார்ந்து படிக்கும் நேரத்துக்குப் பயிற்றுநருக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தொடங்கினால் இடைவெளி விடாதீர்கள். மணிக்கு 205 டொலர் என்ற வாடகையைவிட, பறக்காமல் விட்ட வாரங்களுக்குத்தான் என் மருமகன் அதிக விலை கொடுத்தான்.

2025ஆம் ஆண்டு வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனிடமிருந்து எனக்கொரு படம் வந்தது. பற்றுச்சீட்டின் படம். செஸ்னா 172, 0.8 மணி, 164 டொலர். பயிற்றுநருக்கான இடம் வெறுமையாக இருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "அம்மாவும் நானும்."

தங்கையிடம் எடுத்துக் கேட்டேன். எப்படி இருந்தது?

"இறங்கேக்கை கண்ணை மூடிக்கொண்டிருந்தனான் அண்ணா" என்றாள். "ஆனால் குனியேல்லை."